பெஞ்சுக்கு அடியில் ஒரு போன்

"அதை நான் எப்படி வாயால் சொல்வேன்?"

என் மாணவி ஒருத்தியின் அப்பாவிடம் நான் சொன்ன வாக்கியம் இது. அவள் யாரிடம் போனில் பேசினாள் என்று அவர் கேட்டார். அவள் யாரிடமும் பேசவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. பிளஸ் டூ பரீட்சைக்கு அப்போது நாலு மாதம் இருந்தது.

ஒரகடம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் பொருளாதார ஆசிரியராக இருந்தேன். டச் போன் எல்லார் கைக்கும் வராத காலம். மூன்றாவது பெஞ்சுக்கு அடியில், அவளுடைய சாப்பாட்டுப் பையில், பட்டன் போன் ஒன்று இருந்தது. பிடுங்கிக்கொண்டு வந்து ஆசிரியர் அறையில் அழுத்திப் பார்த்தேன். அதிலிருந்து என் குரல்தான் வந்தது.

கைடைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு கொட்டாவி. யாரோ சந்தேகம் கேட்க, "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, வுடு" என்றேன். இருபது வருடமாக நான் நடத்திய பாடத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அவளுடைய அக்கா ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தாள். தனித்தேர்வராக பிளஸ் டூ எழுத நினைத்தாள். ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் கேட்பதற்காகத் தங்கை என் பாடத்தைப் பதிவு செய்து கொடுத்திருக்கிறாள். இதை அவளே அழுதுகொண்டு சொன்னாள். எனக்கு வந்தது இரக்கமல்ல, பயம். இது அதிகாரி காதுக்குப் போனால் என் கதி என்ன? அதனால் அவள் பெயரை முதலில் கெடுத்தேன். கெட்ட பெண் கொண்டுவரும் சாட்சியை யார் கேட்பார்கள்?

வகுப்பில் போன் வந்ததால்தான் பிள்ளைகள் கெட்டார்கள் என்று இன்றும் சிலர் என்னிடம் நியாயம் பேசுகிறார்கள். போங்கள் ஐயா. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவன் நான். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வகுப்பில் வாயைத் திறந்தாலே அந்தப் பதிவுதான் காதில் கேட்டது. ஒன்பது மாதம் கழித்து அந்தப் போனை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் அவள் அப்பா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். யூனிபார்மோடு நின்றே கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கு சொல்ல வாய் வரலன்னியே சார். இன்னைக்கு மட்டும் எப்டி வந்துச்சி?"

போனை நீட்டினேன். அவள் உள்ளேயிருந்து வந்தாள். பதினெட்டு முடிந்து அக்காவோடு லைனில் சேர்ந்துவிட்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை.

"மறுபடி படிக்கிறியாம்மா? நான் சொல்லித் தரேன்."

"எதுக்கு சார்? கைடு எனக்கும் படிக்கத் தெரியும்."

போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் நானே ஒரு போன் வாங்கினேன். வகுப்பில் மேசைமேல் எல்லாரும் பார்க்க வைத்து, பதிவை அழுத்திவிட்டுப் பாடம் நடத்தினேன். கைடைக் கையால் தொடவில்லை. தவறாகச் சொன்னால் அதே பதிவில் திருத்தினேன். பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் அதில் இருந்தன. பதிவு ஓடும்போது கொட்டாவி வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு ரீசார்ஜ் கடை. கம்பெனிப் பிள்ளைகள் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்வது அங்கேதான். என் பாடங்களையும் கேட்பவர்களுக்கு ஏற்றிக் கொடுக்கச் சொன்னேன்.

"எங்க போடட்டும் சார்? குத்துப்பாட்டுலயா, சோகப்பாட்டுலயா?" என்றான் கடைக்காரன்.

"சோகத்துலயே போடுப்பா. அதுதான் பொருத்தம்."

தலைமையாசிரியர் கூப்பிட்டார். "பசங்க போன் கொண்டாரக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. வாத்தியாரே வச்சிக்கினு நின்னா எப்படி? ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு இது தேவையா?"

"இத்தனை வருஷம் தூங்கிக்கிட்டே பாடம் எடுத்தேன். அப்ப ஏன் சார் ஒரு மெமோகூடக் குடுக்கல?"

"எழுதிக் குடுத்துடுவேன்."

"குடுங்க சார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்."

கொடுத்தார். வாங்கினேன். பதிவை நிறுத்தவில்லை.

அடுத்த மாதம் கடைக்காரன் ஒரு மெமரி கார்டை நீட்டினான். அக்காக்காரி கொடுத்துவிட்டுப் போனாளாம். அதில் தங்கையின் குரல். பின்னால் பஸ் இரைச்சல்.

"சார், வேலைப் பகுப்பு பாடம் கேட்டேன். ஒரே வேலைய செஞ்சா சலிப்பு வரும்னீங்க. சலிப்பு இன்னா சார் சலிப்பு? லைன்ல ஒருத்தி பாத்ரூம் போனா அவ வேலைய செய்ய ஆள் இல்ல. அதனால ஷிப்டு முடியற வரைக்கும் நாங்க தண்ணியே குடிக்கறதில்ல. இத தீமைகள்ல எழுதினா மார்க் போடுவாங்களா? கிளாஸ்ல போட்டுக் காட்டுங்க. என் பேரு சொல்லாதீங்க. ஏற்கெனவே சொன்னது போதும்."

மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பில் போட்டேன். தலைமையாசிரியர் வராந்தாவில் வந்து நின்றார். ஒலியைக் கூட்டினேன். ஐம்பது பிள்ளைகளும் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "போடுவாங்களா சார்?"

"கைடுல இல்லாததால போடமாட்டாங்க. ஆனா அதுதான் சரியான விடை. எழுதிக்கோங்க."

அதற்கும் ஒரு மெமோ வந்தது. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பணியில் வாங்கிய சான்றிதழ்களை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

அக்கா, தங்கை இருவருமே தனித்தேர்வராக எழுதினார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் கம்பெனி கேட்டைக் கடந்து போனபோது அவர்கள் அப்பா கைகாட்டி நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் பாஸ். சின்னவ உங்க பாடத்துலதான் மார்க் கம்மி."

"விடை சரியாத்தான் எழுதியிருப்பா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போய்விட்டார். அவள் அதற்குப் பிறகும் என்னிடம் பேசியதில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ரிட்டயர் ஆகும்வரை மேசைமேல் போன் இருந்தது.