கறுப்புப் பைக்குள் டிஜிட்டல் கேமரா

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். பாறசாலையில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்கு முதல் டிஜிட்டல் கேமரா ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வந்து சேர்ந்தது. முதலாளி சாம்சன் அண்ணனின் மச்சினன் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. உடையாமலிருக்க டின்னுக்குள் துண்டு சுற்றியிருந்தார். அண்ணன் அதை மேசைமேல் வைத்து, தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கிரேஸி, இத நீ படிச்சுக்க. எனக்க கையி இனி இதுக்கு வளையாது. டச்சப் பண்ணுத ஒனக்குத்தான் பொறுமை உண்டு."

நெகட்டிவில் பென்சில் வைத்து முகப்பருவையும் அம்மைத் தழும்பையும் மறைப்பதற்குப் பெயர் டச்சப். அதுதான் என் வேலை. அதற்கு வேண்டியது பொறுமை என்று யார் சொன்னார்களோ! எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். ஆனால் ஸ்டூடியோவுக்கு வெளியே போய்ப் படமெடுக்க ஆண்களைத்தான் அனுப்புவார்கள் என்ற வயிற்றெரிச்சல் பல வருஷமாக உள்ளே கிடந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன்.

கிறிஸ்துமஸ் லீவு தொடங்கியிருந்தது. தனுவச்சபுரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வருவது நின்றிருந்தது. படிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

இருட்டறைப் பாடம்

அந்தக் கேமராவில் படம் விழுவது கம்ப்யூட்டரில் போடும் ஃபிளாப்பித் தட்டில். ஒரு ஃபிளாப்பி நிறைந்தால் எடுத்துவிட்டு வேறொன்று போட வேண்டும். நாங்கள் ஃபிலிம்காரர்கள். படம் விழுந்த எதையும் வெளிச்சத்தில் திறக்க எங்கள் கை வராது. ஃபிலிம் மாற்ற ஒரு கறுப்புத் துணிப் பை உண்டு. அதன் இரண்டு கைகளுக்குள் நம் கைகளை நுழைத்து, உள்ளே தடவித் தடவி மாற்ற வேண்டும். ஃபிளாப்பியையும் அப்படியே மாற்றினோம். போதாததற்கு அண்ணன் இருட்டறைக் கதவையும் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றார்.

மச்சினன் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கு எதுக்கு இருட்டு? வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆவாது, அத்தான். நடுத்தெருவில வச்சும் மாத்தலாம்."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எதுக்கும் ஒரு பாதுகாப்பு வேணுமில்லியா," என்று முனகினார். நான் பையை மடித்துத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் பழக்கம், அவ்வளவுதான்.

கரோல்காரரின் கோல்

அந்த லீவில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். வீட்டு வாசலில் தொங்கிய காகித நட்சத்திரம், எங்கள் சபைக்கு முன்னால் கட்டிய புல்கூட்டுக் குடில், அதற்குள் மேரியம்மாள் பொம்மையின் பக்கத்தில் படுத்திருந்த நிஜப் பூனை. முதலில் ஒரு காட்சிக்கு ஒரு படம்தான் எடுத்தேன். ஃபிலிம் வீணாகக்கூடாது என்று எங்களுக்கு ஊட்டி வளர்த்த பழக்கம் அது. ஃபிலிமே இல்லாத கேமராவில் யாருக்காக மிச்சம் பிடிக்கிறேன் என்று மண்டையில் உறைக்க ஓரிரு நாளானது. அதன்பிறகு எடுப்பேன், பின்னாலிருக்கும் திரையில் பார்ப்பேன், எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பேன், மறுபடி எடுப்பேன். ஃபிலிமில் என்றால் லேபில் கழுவிப் படம் போட்டு, தப்பு தெரிய ஒரு வாரம் ஆகும். அதற்குள் எப்படி எடுத்தோம் என்பதே மறந்துபோகும்.

பெரிய தொல்லை ஒன்று இருந்தது. பட்டனை அமுக்கினால் கேமரா உடனே எடுக்காது. சோம்பல் முறித்துவிட்டுத்தான் எடுக்கும். கரோல் போகிறவர்கள் டிரம் அடிப்பதை எடுத்தால், கோல் டிரம்மில் படுகிற நேரம் போய், மேலே தூக்கிய நேரம் விழும். டிரம் அடிப்பவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் எப்பமும் கையத் தூக்கிட்டுத்தான் நிக்கேனா, சேச்சி?" என்று வருத்தப்பட்டார். கோல் கீழே இறங்கத் தொடங்கும்போதே அமுக்கிப் பார்த்தேன். சரியாக விழுந்தது. நடக்கப்போவதை முன்கூட்டியே பார்த்து அமுக்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடிபட்டது.

ரோஸ்லின் கேட்டது

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ரோஸ்லின் வந்தாள். கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைக்காரி, இடுப்பில் கைக்குழந்தை. கம்ப்யூட்டர் கேமரா இருக்கிறது என்று கேள்விப்பட்டு பஸ் மாறி மாறி வந்திருந்தாள். அவள் புருஷன் ஆன்றோவுக்கு மஸ்கட்டில் மீன்பிடிக் கப்பலில் வேலை. குழந்தை பிறந்தது அவன் போனபிறகு. கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் கப்பல் ஆழ்கடலுக்குப் புறப்படுகிறது. திரும்ப ஈஸ்டர் ஆகிவிடும்.

"அவரு பிள்ளைக்க அழுவச் சத்தத்த ஃபோன்ல கேட்டதோட சரி, சேச்சி. மொகம் கண்டிட்டில்ல. காணாமலா கடலுக்குப் போணும்?"

தபாலில் அனுப்பினால் கப்பல் போனபிறகுதான் சேரும். ஆன்றோவின் ஆபீஸ் கிளார்க் தன் இமெயில் விலாசத்தைக் கொடுத்திருந்தான். அதை அவள் ஒரு வேதப்படத்தின் பின்னால் எழுதி வைத்திருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு மாமோதீசா. அங்க வந்து எடுப்பியளா? கழுவ எத்தற நாளு ஆவும்?"

"இது கழுவ வேண்டாம், மக்கா. அப்படியே அனுப்பலாம்."

அவள் சந்தேகத்தோடு பார்த்தாள். "கழுவாத்த படத்தில மொகம் தெரியுமா?"

தெரியும் என்று அடித்துச் சொன்னேன். அவள் போனபிறகு, இந்தக் கேமரா எனக்குத்தான் தெரியும், நானே போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவைத்தேன்.

வெள்ளைமேல் வெள்ளை

கடற்கரைத் தேவாலயத்தில் மாமோதீசா, அதாவது ஞானஸ்நானம், முடிந்து வெளியே வந்தோம். மணல் வெள்ளை, சுவர் வெள்ளை, பெண்கள் உடுத்திருந்தது வெள்ளை, குழந்தையின் கவுனும் தொப்பியும் வெள்ளை. உச்சி வெயில் வேறு. ரோஸ்லினை வாசல் முன்னால் நிறுத்தி எடுத்தேன். திரையைப் பார்த்தால் என் மூக்குத்திதான் தெரிகிறது! அந்த வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் தோள்பைக்குள் கிடந்த கறுப்புப் பை நினைவுக்கு வந்தது. அதன் வாயைத் திறந்து தலைமேல் கவிழ்த்தேன். கேமராவை உள்ளே இழுத்துக்கொண்டு பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவுன் பளபளவென்று தெரிந்தது. அதற்குமேல் குழந்தையின் முகம் இருந்த இடத்தில் ஒரு கரிய வட்டம்.

பையை நீக்கிவிட்டு, "சரியாவல்ல," என்றேன்.

ரோஸ்லினின் அண்ணன் ஜான், குழந்தைக்கு ஞானத்தகப்பன், என்னைச் சமாதானப்படுத்தினார். "விடுங்க சேச்சி. கழுவும்போ சரியாவும்."

கழுவும்போது சரியாகும். இது எங்கள் வாக்கியம். கண் மூடிக்கொண்ட மணப்பெண்ணுக்கும் கழுத்துச் சாய்ந்த மாப்பிள்ளைக்கும் எங்கள் ஸ்டூடியோ காலம் காலமாகச் சொன்ன சமாதானம். அப்புறம் லேப்காரர் கொஞ்சம் வெளுப்பாக்குவார், நான் கொஞ்சம் பென்சில் வைப்பேன், ஒப்பேற்றிவிடுவோம். இந்தப் படத்துக்கு லேபும் கிடையாது, என் பென்சிலும் கிடையாது.

"இதுக்குக் கழுவலே இல்ல," என்றேன். "இப்பமே சரியாவணும்."

கரையேற்றியிருந்த வள்ளத்தின் நிழலுக்கு அவளை அழைத்துப்போனேன். ஜானின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை விரித்து, வெயில் அதில் பட்டுக் குழந்தையின் முகத்தில் தெறிக்கும்படி பிடிக்கச் சொன்னேன். எடுத்தேன், பைக்குள் போய்ப் பார்த்தேன். இன்னும் இருட்டு. துண்டைத் தாழ்த்தச் சொன்னேன். மறுபடி பார்த்தேன். முகம் வந்துவிட்டது, அதன் சொந்த நிறத்திலேயே. ஆனால் இந்தக் கலாட்டாவில் குழந்தை தூங்கிப்போயிருந்தது.

"கண்ணு தெரியாம அனுப்பினா அவரு சமாதானப்படமாட்டாரு," என்றாள் ரோஸ்லின். அவள் குரல் உடைந்தது. மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் குழந்தையின் காதருகே குனிந்தாள். "மக்கா, எழும்பு. அப்பன் பாக்காரு, கேட்டியா? அப்பனாக்கும்."

குழந்தையின் நெற்றி சுருங்கியது. அமுக்கிவிட்டேன். கண் திறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. கேமரா சோம்பல் முறித்து முடிக்கவும் கண்கள் திறக்கவும் சரியாக இருந்தது. பைக்குள் போய்ப் பார்த்தபோது அந்த இரண்டு கண்களும் என்னையே பார்த்தன. இருட்டுக்குள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

நெய்யாற்றின்கரையிலிருந்து மஸ்கட்டுக்கு

மறுநாள் காலையில் நெய்யாற்றின்கரை நெட் கடைக்கு ஃபிளாப்பியோடு போனேன். லைன் அறுந்து அறுந்து வந்தது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கையில் தொட்டுப் பார்க்க ஒரு படமும் இல்லாமல் எதை நம்புவது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸ்டூடியோவுக்கு ஃபோன் வந்தது. ரோஸ்லின் பூத்திலிருந்து பேசினாள்.

"சேச்சி, அவரு ஃபோன்ல விளிச்சாரு! படம் மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமாட்டு வந்துதாம். ஆதியம் தொப்பி. பின்ன நெத்தி. பின்ன அங்கயே நின்னு போச்சாம். ஆபீஸ்ல உள்ளவங்க எல்லாரும் கூட நின்னு பாத்தாங்களாம். பின்ன கண்ணு வந்துதாம், சேச்சி. கண்ணு வந்தப்பம் இவரு தரையில உக்காந்திட்டாராம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது புதுக் கேமரா வாங்கிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். லீவில் நிறைய எடுங்கள். எடுத்ததை அங்கேயே, அப்போதே பாருங்கள். பிறகு சரியாகிவிடும் என்று ஒன்றையும் விட்டுவிட்டு வராதீர்கள். கண் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள், நெற்றி சுருங்கும்போதே அமுக்குங்கள்.

அன்றைக்கு நான் ஃபோனை வைக்கப் போனபோது ரோஸ்லின் அவசரமாகக் கூப்பிட்டாள்.

"சேச்சி, அதில ஒண்ணு எனக்குக் கழுவித் தருவியளா? வீட்டுச் செவரில மாட்டணும்."

கழுவல் இல்லை என்று மறுபடி விளக்க எனக்கு மனம் வரவில்லை.

"கழுவித் தாறேன், மக்கா," என்றேன்.