பிள்ளைக் கந்தோரில் அம்மா சொன்னது

உருளைக்கிழங்கு அவியும் மணம் எங்கே வந்தாலும், இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் வளர்ந்த ஒரு ஜெர்மன் வீடு ஞாபகம் வரும். யன்னலில் நீராவி படிந்திருக்க, மேசையைச் சுற்றி எல்லோரும் கைகோத்து ஜெபம் சொல்லி முடிக்கும்வரை பசியோடு காத்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை நான். அந்த வீட்டுக்கார அம்மா ஊர்சுலா நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை.

அப்பா இறந்தபின் அம்மா வேலைக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டவர் சின்னம்மா. "ஹைம்" என்று இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் சொல்லும் அகதிகள் விடுதியில் அம்மாவோடு ஒரே அறையில் இருந்தவர். ஊர் வேறு, அம்மா வேதம், அதாவது கிறிஸ்தவம், அவர் சைவம். ஆனாலும் அன்றிலிருந்து அவர் அம்மாவுக்குத் தங்கைதான், எங்கள் ஆட்களிடம் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்குச் சயரோகம் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தபோது, பிள்ளை யாரிடம் என்று கேட்டார்கள். தங்கையிடம் என்றார் அம்மா. "பிள்ளைக் கந்தோர்" என்று நாங்கள் அழைத்த சிறுவர் நலப் பணிமனையார் வந்து விசாரித்தார்கள்; இருவருக்கும் தாய் தகப்பன் வேறு வேறு என்று கண்டதும், அம்மா பொய் சொல்லிவிட்டார் என்று முடிவுகட்டி என்னை ஊர்சுலாவிடம் ஒப்படைத்தார்கள்.

சுகமாகி வந்த அம்மா மாதம் ஒருமுறை கந்தோர் அறையில் என்னைப் பார்க்கலாம் என்றாயிற்று. கூட இருக்கும் அலுவலருக்கு விளங்க வேண்டும் என்பதால் ஜெர்மன் மட்டும்தான் பேசலாம். சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா என்பதோடு அம்மாவின் ஜெர்மன் தீர்ந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் என் தலையைத் தடவிக்கொண்டிருப்பார். என்னைவிட்டுத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது.

என்னைத் திருப்பிக் கொடுப்பதா, அங்கேயே விடுவதா என்று முடிவெடுக்கக் கூடியபோது, நீங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று கந்தோர் அலுவலரான பெண்மணி அம்மாவைக் கேட்டார். அம்மா மறுபடியும் தங்கை என்றார். மொழிபெயர்க்க வந்த தமிழர் பதறிப்போய், அயலவர் என்று சொன்னால் பிரச்சினை இல்லை என்றாராம். அம்மா அசையவில்லை.

"அண்ணை, இவவுக்குச் சொல்லுங்கோ. ஆண்டவர் சிலுவையில தொங்கேக்கை தன்ரை தாயைச் சீடனிட்டை ஒப்படைச்சவர். அவன் என்ன, அவ பெத்த பிள்ளையே?"

அப்போது நான் ஊர்சுலாவின் மடியில் இருந்தேன். அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பைக் கேட்டபின் ஊர்சுலா ஜெர்மனில் சொன்னதுதான் விளங்கியது: நானும்தான் இந்தப் பிள்ளைக்கு இரத்த உறவில்லை, என்னிடம் தந்தீர்களே.

அடுத்த கோடையில் நான் வீட்டுக்கு வந்தேன்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து வளர்த்த வரலாற்றை வளர்ந்தபின் வாசித்தேன். எங்களுக்கு நடந்தது அதன் பக்கத்தில் வைக்கக்கூடியதல்ல. அங்கே மறக்கடிப்பதே நோக்கம். இங்கே அப்படி யாரும் நினைக்கவில்லை, ஆனாலும் நான் மறந்தேன். அங்கே அதைச் செய்தவர்களில் பலர் என்னைப்போல ஜெபம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டவர்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். ஞாயிறுதோறும் கோயிலில் முழந்தாளிடும்போது அவர்களுக்காகவும் மன்றாடுகிறேன், மனம் வந்து என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நான் எழுதும் தமிழ் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன்காரர் படிப்பதுபோல அ, ஆவிலிருந்து படித்தது. அதற்கு முன், ஐந்து வயதுவரை, எனக்கென்று ஒரு தமிழ் இருந்திருக்கிறது. அதில் என்னவெல்லாம் பேசினேன் என்று போன கிழமை அம்மாவிடம் கேட்டேன்.

"வாய் ஓயாமல் கதைப்பாய் எண்டது ஞாபகம். என்ன கதைச்சனி எண்டது எனக்கும் மறந்துபோச்சு, பிள்ளை."