வருஷத்துக்குள் ஏறினேன்

என் வீட்டுக்காரர் செத்து வருஷம் திரும்புவதற்குள் நான் ரோலர் கோஸ்டரில் ஏறினேன். இதைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டார்கள். புருஷன் போன அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்றாள் ஒருத்தி. பாவம், பிள்ளைக்காக ஏறினாள் என்றாள் இன்னொருத்தி. இரண்டும் பொய். நடந்ததை நானே சொல்கிறேன்.

அவர் சிதம்பரத்துக்கும் குமராட்சிக்கும் நடுவில் மினி பஸ் ஓட்டினார். நெஞ்சு வலி வந்ததும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தார். உள்ளே இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவ்வளவு பொறுப்பான மனுஷன். வீட்டில் என்னோடு சண்டை போடுவார், நானும் விடமாட்டேன். செத்தபோது தொண்டை கட்டும்வரை அழுதேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

நான் அண்ணாமலை நகரில் ஒரு பெண்கள் விடுதி மெஸ்ஸில் சமையல் செய்கிறேன். அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார். கரும்பு ஆலையில் வேலை. அவர் பெண்சாதி, என் ஓரகத்தி. அவர்களுக்கு வளர்ந்த பையன்கள் இரண்டு பேர். எனக்கு ஒரே பெண், நாலாவது படிக்கிறாள்.

எங்கள் பக்கம் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் முடியும்வரை கோயிலுக்குப் போகக்கூடாது. பண்டிகை கிடையாது. மலை ஏறக்கூடாது. மூத்தார் குடும்பம் கோடை லீவு விட்டால் தவறாமல் ஏதாவது ஒரு மலைக் கோயிலுக்குப் போகும். இந்தத் தடவை போக முடியவில்லை. பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூத்தார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"கோயிலுக்குத்தான போவக்கூடாது? பார்க்குல இன்னா சாமியா இருக்குது?"

கடலூர் தாண்டி, புதுச்சேரி போகிற ரோட்டை ஒட்டி ஒரு சின்ன பார்க் இருக்கிறது. ஆடுகிற கப்பல், ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, ஒரே ஒரு ரோலர் கோஸ்டர். அங்கே போகலாம் என்று வேன் பேசினார். எனக்கும் போன் செய்தார்.

"நீயும் புள்ளய கூட்டிகினு வாம்மா. பை, செல்லு, செருப்பெல்லாம் பாத்துக்க ஒரு ஆளு வேணும்."

ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன். எதற்குக் கூப்பிடுகிறார் என்று சொல்லித்தான் கூப்பிட்டார். பெண் ஆசைப்பட்டாள், போனேன்.

பார்க்கில் ஒரு வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு. அதில் என்னை உட்கார வைத்தார்கள். மடியில் ஓரகத்தியின் கைப்பை, காலடியில் எல்லார் செருப்பும், கையில் நாலு செல்போன். கப்பலில் ஏறி ஆடினார்கள். மூத்தார் அதில் கத்திய கத்து மரத்தடிவரை கேட்டது. ராட்டினத்தில் சுற்றினார்கள். இறங்கி வந்து தண்ணி கேட்டார்கள், கொடுத்தேன். மறுபடி போனார்கள்.

ரோலர் கோஸ்டர் பெஞ்சுக்கு நேர் எதிரே இருந்தது. பெரியது என்று சொல்ல முடியாது. மஞ்சள் பெயின்ட் அடித்த தண்டவாளம், ஒரு ஏற்றம், ஒரு செங்குத்தான இறக்கம், அப்புறம் இரண்டு வளைவு. பெட்டிகளைச் சங்கிலி பிடித்துக் கடகடவென்று மேலே இழுக்கும். உச்சியில் ஒரு நொடி நிற்கும். அப்புறம் விடும். காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே விழும்போது ஒவ்வொருத்தர் முகமும் கழன்று வேறு முகமாக ஆகிவிடுவதைப் பார்த்தேன். எனக்கும் அது வேண்டும் போல் இருந்தது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் அதில் ஏற வரிசையில் நின்றார்கள். ஏற்றிவிடுகிறவர் கழுத்தில் விசில் தொங்கியது. அவர் ஓரகத்தியை நிறுத்தினார்.

"செயின், வளையல் எதுவும் கூடாதுக்கா. கழட்டி வெச்சிட்டு வாங்க."

"தாலியுமா?"

"செயினுன்னா செயினுதான்க்கா. கம்பில மாட்டிச்சின்னா கழுத்து போயிடும்."

"ஊக்கு குத்தி ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிறேன்."

"முடியாதுக்கா."

மூத்தார் முன்னால் வந்தார். "தாலியக் கழட்டச் சொல்றியே, ஒனக்கு அக்கா தங்கச்சி இல்லியா?"

"இருக்காங்க சார். அவுங்க வந்தாலும் கீழதான் நிப்பாங்க."

ஓரகத்தி முனகிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே கேட்டில் அடுத்த தகராறு. சின்னப் பிள்ளைகள் தனியாக ஏறக்கூடாதாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். பையன்கள் இரண்டு பேரும் ஜோடி. மூத்தாருக்குக் கப்பலிலேயே தலை சுற்றிவிட்டது, இதில் ஏறப் பயம். அதைச் சொல்லாமல் இடுப்பு வலி என்றார்.

"பாப்பா கூட யாரு வர்றது?" என்று விசில்காரர் கேட்டார்.

என் பெண் திரும்பி என்னைக் காட்டினாள். "எங்கம்மா வரும்."

கைப்பையையும் செல்போன்களையும் ஓரகத்தி மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். கேட்டில் விசில்காரர் என் கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கழற்ற ஒன்றும் இல்லை. கருமாதியன்றே எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். அன்றைக்கு வளையலை உடைக்க என் கையைப் பிடித்தவள், இப்போது தாலியோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இதே ஓரகத்திதான்.

"முந்தானைய நல்லா இழுத்து சொருகிக்கங்கக்கா," என்றார் விசில்காரர். மெஸ்ஸில் குண்டான் தூக்கும்போது சொருகுகிற மாதிரி சொருகினேன்.

மூத்தார் குறுக்கே வந்து நின்றார். "வாணாம்மா. வருஷம் முடியல."

"நீங்க கப்பல்ல ஏறினீங்களே மாமா."

"அது ஆடுது. இது ஏறுது. மலை ஏறக்கூடாதுன்னு இருக்குதுல்ல?"

"இது மலையா? இரும்பு மாமா."

"உசரந்தான கணக்கு."

"அப்ப வருஷம் முடியிறவரைக்கும் ஆலையில மாடிப்படி ஏறாதீங்க."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். பெரிய பையன் சும்மா இருக்காமல், "அப்பா, அப்ப நாங்க ஏறலாமா? நாங்களுந்தான பங்காளி?" என்றான்.

"நீங்க சின்னப் பசங்க."

"மீச வந்துடுச்சிப்பா."

"மூடிகினு ஏறுடா!"

அந்த நேரத்தில் ஓரகத்தி பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தாள். "புள்ளைக்காகத்தான ஏறுறா. வுடுங்க."

மூத்தார் ஒதுங்கினார். ஏறினேன்.

மடிமேல் இரும்புக் கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். சங்கிலி இழுத்தது. பெண் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். பெட்டி உச்சியிலிருந்து விழுந்தது. கத்தினேன். மாதக்கணக்கில் நான் குரலை உயர்த்தவில்லை. தாலி அறுத்தவள் சத்தமாகச் சிரித்தால் திரும்பிப் பார்ப்பார்கள், சத்தமாகச் சண்டை போட்டால் இவளுக்கு என்ன தைரியம் என்பார்கள். மெஸ்ஸில்கூட பாத்திரச் சத்தத்துக்குள் மூக்கைச் சிந்திக்கொள்வேன். இங்கே எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன், யாரும் திரும்பவில்லை. முதல் வளைவில் கத்தல் சிரிப்பாக மாறிவிட்டது. நிறுத்த முடியவில்லை.

கீழே வந்ததும் பெண் குடித்த ஜூஸையெல்லாம் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிவிட்டேன். "போதும்மா. நான் இனிமே வரமாட்டேன்," என்றாள்.

ஓரகத்தி அவளை மடியில் போட்டுக்கொண்டு என்னிடம், "புள்ளைக்காக ஏறின, ஆயிடுச்சி. இப்பிடி வந்து ஒக்காரு," என்றாள்.

உட்கார்ந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். தாய் என்றால் எதையும் மன்னிப்பார்கள். பிள்ளைக்காக என்று சொல்லிவிட்டால் போதும், வேறு ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்தச் சாக்கு எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் எனக்காகத்தான் ஏறினேன்.

"நான் இன்னொரு தபா போறேன்," என்றேன்.

"யாரு கூட?"

"தனியா."

மூத்தாருக்கு முகம் சிவந்தது. "என் தம்பி செத்து இன்னும் மண்ணு காயல. நீ சிரிச்சிகினு வர்ற."

"ஒங்க தம்பி செத்து கருமாதி முடிஞ்ச மறுநாளே நான் மெஸ்ஸுல குண்டான் தூக்கினேன். அப்ப மண்ணு காஞ்சிருந்துதா மாமா? அன்னிக்கு யாராவது வந்து, வருஷம் முடியட்டும், வேலைக்குப் போவாதன்னு சொன்னீங்களா?"

"வேலை வேற."

"வேலைக்கு வருஷம் இல்ல. பையத் தூக்க வருஷம் இல்ல. சிரிக்க மட்டும் வருஷமா?"

அவர் வேன் நின்ற பக்கம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "ஏறினன்னா எங்க வேன்ல வராத."

"பஸ்ஸு இருக்குது."

பெஞ்சில் இருந்த செல்போன்களை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். வெயில் உச்சியில் இருந்ததால் வரிசையில் ஆளே இல்லை. "முன்னாடி ஒக்காருங்கக்கா, அங்கதான் ஷோக்கா இருக்கும்," என்றார் விசில்காரர். முன்னால் உட்கார்ந்தேன். உச்சியில் பெட்டி நின்றபோது சவுக்குத் தோப்பும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு கோடு மாதிரி கடலும் தெரிந்தன. கீழே பெஞ்சில் ஓரகத்தி கையை நெற்றியில் வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த உச்சியில் எனக்கு அவர் ஞாபகம் வந்தது, கண் கலங்கியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். வரவில்லை. அவரைப் பற்றி ராத்திரியில் நினைக்கிறேன், பஸ் ஹாரன் கேட்டால் நினைக்கிறேன். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். பெட்டி விழுந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விழுந்தேன். கீழே வந்ததும் இறங்கவே இல்லை. "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்று விசில்காரரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நெம்புகோலைத் தள்ளினார்.

வேன் எங்களை விட்டுவிட்டுத்தான் போனது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டியில் உட்கார்ந்ததும் பெண் கேட்டாள்.

"பெரியப்பா திட்டுவாரா?"

"திட்டுவாரு."

"நம்ம இன்னா பண்றது?"

"தூங்கலாம்."

சொந்தத்தில் விஷயம் பரவ நேரமாகவில்லை. துக்கம் விசாரிக்க வராதவர்கள்கூட இதை விசாரிக்க போன் செய்தார்கள். சில நாள் கழித்து ஓரகத்தியும் பேசினாள், குரலை ஒடுக்கிக்கொண்டு.

"மேல எப்பிடிடி இருந்துது?"

"போயி பாருக்கா."

"தாலிய இன்னா பண்றது?"

"கழட்டி பையில போட்டு குடு. நான் கீழ நின்னு பாத்துக்கறேன்."

பட்டென்று வைத்துவிட்டாள்.

கடைசியில் மூத்தாரே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தம்பி பிணத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் தரையில் உட்கார்ந்து வந்தவர் அவர். "வருஷம் முடியட்டும்மா," என்றார். "அதுக்கப்புறம் நானே கூட்டிகினு போறேன். எத்தினி தபா வேணாலும் ஏறு. யாரு கேக்கப்போறா?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தியானது. வருஷம் முடிந்த பிறகு ஏறினால் அது அவர் பார்த்துக் கொடுத்தது. நான் அவரிடம் உத்தரவு கேட்கவே இல்லையே.

"திதிக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம போறேன் மாமா. ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்," என்றேன்.

போனேன். மெஸ்ஸில் என்னோடு வேலை செய்கிற பெண்கள் நாலு பேர் கூட வந்தார்கள்.

திதியன்று நெல்லிக்குப்பத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். சமையல் நான்தான். படையல் முடிந்து பந்தியில் மூத்தார் முதல் இலையில் உட்கார்ந்தார். நான் குழம்பு வாளியோடு போய் நின்றேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"போனியா?"

"போனேன் மாமா."

"ஏறினியா?"

"ரெண்டு தபா."

பக்கத்து இலைக்காரர் கை வாயருகில் நின்றுவிட்டது. மூத்தார் இலையைப் பார்த்தார். சோற்றை நடுவில் குழித்தார்.

"ஊத்து," என்றார்.