எல்லாத் திரையிலும் ஒரே பெயர்

உலு திராம் என்ற ஊரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு, நோயாளிகளை முறைப்படி அழைக்கும் வரிசைச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு திரையும் தகவலைத் தானே மாற்றியதால், உள்ளே ஒரு பெயரும் வெளியே வேறொரு பெயரும் தெரிந்தன. அதனால் தன் முறையைத் தவறவிட்ட ஓர் அம்மா சோர்ந்து அழுதுவிட்டார்.

அவருடைய மகளும் நிரல் எழுதுபவர். அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, அங்கே மடிக்கணினியோடு இருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்படி ஆளாளுக்கு மாத்தினா எப்படி லா? தகவல் ஒரே இடத்துல இருக்கட்டும். மாத்துறதும் அங்க மட்டும்தான். திரைங்க அதப் பாத்து காட்டினா போதும்," என்றார். அதற்கான ஆயத்த நிரல்தொகுப்பாக, சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றையும் காட்டினார். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. கனவில் நடப்பதுபோல எழுதினேன். எழுத எழுத நிரல் சுருங்கியது.

அவர்கள் அடுத்த முறை வந்தபோது அந்த அம்மாவின் பெயர் எல்லாத் திரைகளிலும் ஒன்றாக மலர்ந்தது.

"அம்மா, உங்க பேருதான், வாங்க," என்றார் மகள்.

அன்று அந்த மகள் சொல்லிக்கொடுக்காமல் என்னைத் திட்டியிருந்தால், அந்த நாளை எப்போதோ மறந்திருப்பேன்.