சாராள் அக்காவின் கதவில்லாத ரேக்

போடி பஸ் நிலையத்தில் தேவாரம் வண்டிக்கு நின்ற கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளை விலகி என்னிடம் வந்தாள். பண்ணைப்புரத்துக்காரி, பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படிப்பவள். "மிஸ், சாராள் அக்கா காலையில போயிட்டாகளாம். படிப்பகம் பூட்டிக் கெடக்கு" என்றாள். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "அடுத்து ஒரு புத்தகம் எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னாக. இனி யார்ட்ட மிஸ் கேக்குறது?" என்று கேட்டாள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. காய்ச்சல் என்று படுத்தவருக்கு எழுந்து வரத் தெரியாதா? அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் அங்கேயே நின்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் பலருக்கு அவரை நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடி பஜாரில் ஏலக்காய்க் கடைகளுக்கு மேலே, வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தின் நூலகர் அவர். அப்பாவின் இரும்புக்கடையைத் தம்பி எடுத்துக்கொள்ள, அக்கா மாடிப்படி ஏறிப் புத்தகங்களிடம் வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளில், பேக்கரி ஒன்று வேண்டாம் என்று தள்ளிய ரொட்டி ரேக்கைத் தூக்கி வரச்செய்து, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதில் இளையோர் நாவல்கள் மட்டும். அந்த ரேக்குக்குக் கதவு கிடையாது. எடுப்பவர் பெயரை எங்கும் எழுதுவதும் கிடையாது. பெயர் எழுதினால் அது எப்படியும் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பது அவர் எண்ணம். புத்தகம் தொலைகிறதே என்று நிர்வாகத்தில் கேட்டால், "தொலைஞ்ச புத்தகத்தையும் எங்கனயோ ஒரு பிள்ளை படிச்சிட்டுத்தானே இருக்கும்" என்பார்.

அவர் புத்தகம் பரிந்துரைக்கும் விதமே தனி. என்ன பிடிக்கும் என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுவார்கள். "பாதியில வச்ச புத்தகம் எது? எங்கன வச்ச?" என்றுதான் கேட்பார். லோயர் கேம்ப்பிலிருந்து வந்த ஒருத்தி, எல்லாப் புத்தகத்தையும் பாதியில் வைத்தவள், தலை குனிந்து நின்றாள். அவளைப் படிக்கவைக்க வேண்டும் என்று கூட்டிப் போனவள் நான். பிறகு சொன்னாள். "அந்தப் பிள்ளை தப்புப் பண்ணும்க்கா. நல்லாப் போகும். அப்புறம் ஒரு பெரியவரு வந்து புத்தி சொல்லுவாரு. அதும் திருந்திரும். அங்கனயே மூடி வச்சிருவேன்."

அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரிசு வாங்கியவரைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, கடைசிவரை திருந்தாத ஒரு பெண்ணின் கதையை எடுத்து அவள் கையில் வைத்து, "இதையும் பாதியில வச்சன்னா எனக்குச் சந்தோசந்தான் ஆத்தா. எங்கன வச்சன்னு மட்டும் வந்து சொல்லு" என்றார். அந்தப் புத்தகம் திரும்பி வரவே இல்லை. அவளுடைய வகுப்பில் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருப்பதாக மட்டும் தகவல் வந்தது. அக்கா இன்னொரு பிரதி வாங்கி ரேக்கில் வைத்தார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஓர் ஆசிரியர் ஒரு வகுப்பையே மாற்றிக் காட்டும் நாவல் ஒன்றை, கண்ணீர் துடைத்துக்கொண்டே படித்து முடித்து அவரிடம் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். "டீச்சரைப் பத்தி டீச்சருக்காக எழுதுனது. பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்றார். நான் அந்த மாதம் முழுவதும் படிப்பகத்துப் பக்கம் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. சமாதானம் பேசுகிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. கடைசியில் நானேதான் போனேன். "வந்தியா, உக்காரு" என்று அடுத்த நாவலைக் கையில் திணித்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எதையும் தானும் வேறொரு ஆளும் முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அந்த வேறொரு ஆள் வெகுகாலமாக நான்தான்.

அந்தச் சட்டம் எதற்கு என்று ஒருநாள் புரிந்தது. ஏலக்காய் வியாபாரி ஒருவர், படிப்பகத்து நிர்வாகத்திலும் இருப்பவர், ஒரு நாவலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு படியேறி வந்தார். வீட்டுக்குத் தெரியாமல் வெளியூர்க் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் பெண்ணைப் பற்றிய கதை.

"இதை எங்க வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தது யாரும்மா?"

"நான்தான்ணே. உக்காருங்க. எங்கன வாசிக்கிறப்ப கோவம் வந்துச்சு?"

"எங்கனயா? அப்பனுக்குத் தெரியாம அந்தக் கழுதை ரயிலேறுதே, அங்கன."

"நீங்க அவ அப்பனா இருந்தா என்ன பண்ணிருப்பீக?"

முழுதாகப் படித்தவரால்தான் அப்படிக் கேட்க முடியும். மனிதர் அதற்குத்தான் காத்திருந்தவர் போலச் சொல்ல ஆரம்பித்தார். விஷயம் தெரிந்து கடைசி நேரத்தில் அந்த அப்பன் ஸ்டேஷனுக்கு ஓடி வந்து நின்றது, டிபன் டப்பாவை நீட்டியது, நீட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியது எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு வார்த்தை பேசிருக்கலாம்ல அந்த ஆளு" என்ற இடத்தில் அவர் குரல் கம்மிவிட்டது. மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர் படியிறங்குவதற்குள் அந்தப் புத்தகத்துக்கு நான்கு பேர் கை நீட்டினார்கள். "நம்மள விட நல்லாச் சிபாரிசு பண்ணிட்டுப் போறாரு" என்றார் அக்கா. நல்ல நாவலுக்கு ஆள் சேர்க்க அவருக்கு எதிராளிகளும் உதவினார்கள்.

இப்போது நினைவுக் கூட்டத்துக்கு வருகிறேன். அக்காவின் நினைவாக என்று கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி ஒன்றைச் செய்து வைத்தார்கள். அலமாரியின் நெற்றியில் அவர் பெயர், அதற்குக் கீழே உபயம் செய்தவர்களின் பெயர்கள். ரேக்கிலிருந்த நாவல்களைத் துடைத்து, உயரவாரியாக உள்ளே அடுக்கியிருந்தார்கள். ரொட்டி ரேக் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. தம்பி தன் கடையில் இருப்பதிலேயே பெரிய பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து கொண்டியில் மாட்டினார். "அக்கா புத்தகம் ஒண்ணுகூட இனி வெளிய போகாது" என்று சொன்னபோது அழுதார். அந்த அழுகை நிஜம் என்பதால்தான் என்னால் அப்போது வாய் திறக்க முடியவில்லை. சாவியைத் தாம்பாளத்தில் பூவோடு வைத்துப் படிப்பகத்துச் செயலாளரிடம் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

வாழ்நாள் முழுதும் கதவில்லாமல் புத்தகம் வைத்திருந்தவருக்கு நாம் செய்த மரியாதை இது. பாசத்தில் செய்ததுதான். ஆனாலும் அநியாயம் அநியாயம்தான்.

அன்றைக்குப் பூட்டை அழுத்திப் பூட்டவில்லை. படம் எடுப்பதற்காகக் கொண்டியில் சும்மா தொங்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் காப்பிக்குப் போனபோது அதைக் கழற்றி என் கைப்பையில் போட்டேன். அந்த ஏலக்காய் வியாபாரி பார்த்துவிட்டார். பிறகு மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். அவரைக் காட்டிக்கொடுப்பதற்கு என்னை மன்னிக்கட்டும். பூட்டைக் காணோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும் நிர்வாகத்தினருக்கு இதன் மூலம் தெரிவிக்கிறேன்: எடுத்தது நான்தான். இந்த இடத்தை வெட்டிவிட்டு மலரை அச்சிட்டால், பஜாரில் நின்று வாசிப்பேன். வேறு பூட்டு வாங்கினால் அதையும் எடுப்பேன். படிப்பகத்திலிருந்து என்னை நீக்கினால், அந்த ரேக்கை என் வீட்டு வாசலில் வைப்பேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் பிள்ளைகளோடு சேர்ந்து ரேக்கை மேலே ஏற்றி, செருப்பு விடும் இடத்தில் பழையபடி நிறுத்தினேன். நாவல்கள் அதில்தான் இருக்கின்றன. தேக்கு அலமாரியில் சட்டப் புத்தகங்களை வைத்துக்கொள்ளலாம். அவை யாரும் தூக்கிப் போகாதவை. பண்ணைப்புரத்துப் பிள்ளை வந்து நின்றாள். அக்கா அவளுக்காக எடுத்து வைத்தது எது என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ரேக்கில் சாய்ந்திருந்த புத்தகங்களை நிமிர்த்தி வைத்தேன். பிறகு கேட்டேன். "பாதியில வச்ச புத்தகம் எது? எங்கன வச்ச?"

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். கூடவே தம்பி கடைப் பூட்டு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. சாவி செயலாளரிடம் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.