உள்ளே விட்ட இரண்டு இன்ச்

என் கணவர் கடற்கொள்ளைக்காரர். வருடத்துக்கு மூன்று நாட்கள் மட்டும். மீதி நாட்களில் ஸ்கூடாயிலிருந்து மலேசிய எல்லையைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் ஏர்கோன் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்.

அந்த மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் மற்ற நாட்களை எல்லாம் தின்றுவிடும். மெர்சிங் தாண்டி ஒரு கடற்கரையில், சவுக்கு மரங்களுக்கு அடியில், அவரைப் போன்ற பத்துப் பதினைந்து பேர் கூடாரம் போட்டு முந்நூறு வருடத்துக்கு முந்திய கப்பல்காரர்களாக வாழ்ந்து பார்ப்பார்கள். சினிமாவில் வருகிற கொள்ளையர்கள் இல்லை. சினிமா என்று சொன்னாலே அவருக்குக் கோபம் வரும். தோல் கோட்டும் தோளில் கிளியும் யாருக்கு வேண்டும்? லினன் சட்டை, கித்தான் கால்சட்டை, கழுத்தில் ஒரு துணி, மரக்கிண்ணத்தில் கருவாட்டுக் கஞ்சி, இதுதான் நிஜம் என்பார். இந்த நிஜத்துக்காக எங்கள் கூடத்தில் பாதியை ஒரு இரும்புச் சட்டியும், கூடாரத் துணியும், பூட்டில்லாத பெரிய மரப்பெட்டியும் பிடித்துக்கொண்டிருந்தன.

கடற்கரையில் மரத்துக்கு மரம் ஒரு தடித்த கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இந்தக் காலத்துப் பொருள் எதுவும் போகக் கூடாது. ஸிப், பிளாஸ்டிக் பட்டன், நைலான் நூல், லைட்டர், கைத்தொலைபேசி எதுவும். சட்டம் போட்டவரும் என் கணவர்தான், கயிற்றருகே நின்று சோதிப்பவரும் அவர்தான். சட்டை வெளியே எப்படி இருக்கிறது என்று பார்க்கவே மாட்டார். உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார். ஒரு விரல் அளவு மெஷின் தையல் தெரிந்தாலும் ஆள் வெளியே. ஒரு தடவை குளுவாங்கிலிருந்து வந்த பல் டாக்டரை, சப்பாத்துக்குள்ளே நைலான் காலுறை போட்டிருந்த குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பினார். பாவம், அந்த மனிதர் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "வெளிய தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்று என் கணவர் அவரிடமே கேட்டார்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அவருடைய நெருங்கிய நண்பர் ஒரு மலாய்க்காரர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நண்பரின் மனைவி காதுக் கருவி இல்லாமல் எதையும் கேட்க முடியாதவர். முதல் வருடம் அந்த அம்மாள் கயிற்றுக்கு வெளியே தயங்கி நின்றபோது, என் கணவர் சட்ட நோட்டை எடுத்துக் கடைசி வரியாக எழுதினார்: உடம்பு கேட்பதற்குச் சட்டம் கிடையாது. மூக்குக் கண்ணாடி, மருந்து, காதுக் கருவி எல்லாம் அந்த வரியில்தான் உள்ளே போயின.

நான் ரவிக்கை தைப்பவள். வீட்டு முன்னறையில் இருபது வருடத்துக்கு மேலாக என் மெஷின் ஓடுகிறது. ஆட்களை எனக்கு முகத்தைவிடத் தோளை வைத்துத்தான் தெரியும். கடைத்தெருவில் யாராவது சிரித்தால், முதலில் இடது தோள் இறக்கமா என்று பார்ப்பேன், பிறகுதான் ஆள் ஞாபகத்துக்கு வருவார். இப்படிப்பட்டவளிடம் அவர் தன்னுடைய முதல் கப்பல் சட்டையைத் தைக்கச் சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அந்தக் காலத்துச் சட்டையில் வளைவே கிடையாதாம். எல்லாம் சதுரம், நீள்சதுரம். துணி வீணாகாமல் அப்படித்தான் வெட்டுவார்களாம். அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டை முனை திருப்பி வைத்துத் தைத்தால் போதுமாம்.

"கைக்குழி வெட்டாம சட்டையா? இதெல்லாம் என் கையில நடக்காது," என்றேன்.

"நீ தைச்சுதான் பாரேன். கப்பல்ல கயிறு இழுத்தவன் போட்ட சட்டை அது."

தைத்தேன். போட்டுக்கொண்டு கையை உத்தரம் வரை தூக்கிக் காட்டினார். துளிக்கூட இழுக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, அன்றே அந்தப் பித்தில் நானும் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எங்களுக்கு அப்படித்தான் போயின. அவர் நூலில் தேன்மெழுகு தடவி ஊசியில் கோத்துக் கொடுப்பார், நான் கையால் தைப்பேன். ஒரு மணி நேரத்தில் ரவிக்கை முடிக்கிறவளுக்கு ஒரு சட்டைக்கு மூன்று வாரம் ஆகும். கோணல் விழுந்தால் உடனே சொல்வார், நான் திட்டுவேன், பிரிப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மதியங்களை நான் எவ்வளவு விரும்பினேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு அந்தச் சப்பாத்து வந்தது. அந்தக் காலத்துச் சப்பாத்தில் இடது, வலது கிடையாது. இரண்டுமே ஒரே அச்சு. போட்டு நடந்து நடந்துதான் காலுக்கு ஏற்றபடி வளைய வேண்டும். ஆளைப் பிடித்து அப்படியே செய்யச் சொல்லி வாங்கினார். அவருக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர் வியாதி. மூன்று நாள் மணலில் நடந்ததில் வலது கால் பெருவிரலில் கொப்புளம் வந்து உடைந்திருக்கிறது, அவருக்கு உறைக்கவே இல்லை. பார்த்த பிறகும் ஒரு வாரம் மறைத்தார். நான் கத்துவேன் என்ற பயம். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே.

தப்பு சப்பாத்துடையதா, அவருடையதா, என் வாயுடையதா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. சப்பாத்தைக் குப்பை லாரியில் என் கையாலேயே வீசினேன். மரப்பெட்டியையும் வீசியிருப்பேன், தூக்க முடியவில்லை.

புதுக்கால் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் மாட்டுவார், மற்ற நேரம் அது அலமாரி மூலையில் சாய்ந்திருக்கும். பார்க்க வந்த ஒருவர், "கொள்ளைக்காரனுக்கு ஒத்தக் கால்தானே அழகு," என்று சொல்லிச் சிரித்தார். இவரும் சிரித்தார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் உள்ளறையை விட்டு வருவதில்லை. வேலையும் போயிற்று. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு ரவிக்கைக் கழுத்தைக் கோணலாகத் தைத்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குருடன்கூடத் தடவிச் சொல்லிவிடுவான், அப்படி ஒரு கோணல்.

"நல்லாருக்கு," என்றார், துணியைத் தொடாமலே.

சமையலறைக்குப் போய் அழுதேன். காலை எடுத்த அன்றுகூட நான் அவ்வளவு அழவில்லை.

முகாமுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நண்பர் போன் செய்தார். முடியாது என்று இவர் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அந்தக் கால் என்னா மரமா? உலோகம் லா. கயித்துக்கு அந்தப் பக்கம் எப்படிப் போகும்? நான் போட்ட சட்டம்."

"காதுக் கருவி போகலையா?"

"அது வேற, இது வேற."

வேறொன்றும் இல்லை, வெட்கம். சட்டம் அதற்கு ஒரு சாக்கு. ஆனால் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் மிச்ச ஆயுளையும் அந்த அறையிலேயே கழித்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு என் ஆள் திரும்ப வேண்டும். அந்தப் பாழாய்ப்போன கடற்கரைதான் அவர் காலைத் தின்றது, அவரைத் திருப்பித் தருவதாக இருந்தால் அதுதான் தர வேண்டும் என்று ஏனோ பலமாகத் தோன்றியது.

அவர் மதியம் தூங்கும்போது அளவு எடுத்தேன். மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டபோது எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். கணுக்கால் வரை விழுகிற அகலமான கித்தான் கால்சட்டை ஒன்று, கப்பல்காரர்கள் போட்டதுதான், அவருடைய புத்தகத்தில் படம் இருந்தது. இளைத்த உடம்புக்கு ஏற்றபடி கையில்லாத மேற்சட்டை ஒன்று. இடது காலுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த மெத்தென்ற செருப்பு, அதன்மேல் கித்தான் உறை. எல்லாம் கைத்தையல். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. முடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. மாதக்கணக்கில் கேட்காத குரல்.

"இங்க வா! என்னா இது?"

மேற்சட்டையை உள்பக்கம் திருப்பி மடியில் போட்டிருந்தார். இரண்டு பக்கத் தையலிலும் இரண்டிரண்டு இன்ச் துணி உள்ளே மடிந்து கிடந்தது. "ரவிக்கையா தைச்சிருக்க? அந்தக் காலத்துல துணி என்ன விலை தெரியுமா? கப்பல்காரனுக்கு எவன் இவ்வளவு துணிய உள்ள விட்டுத் தைப்பான்?"

நிஜமாகவே எனக்குத் தெரியாமல் நடந்தது அது. நம் பெண்களுக்குத் தைக்கிற யாரும் உள்ளே துணி விடாமல் தைக்க மாட்டார்கள். கல்யாண ரவிக்கை இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் போட வேண்டுமே, உடம்பு வைத்தால் பிரித்து விட வேண்டுமே. கை பழக்கத்தில் விட்டிருக்கிறது. பழக்கதோஷம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நீங்க திரும்ப உடம்பு வைப்பீங்க. அப்ப பிரிச்சு விடத் துணிக்கு நான் எங்க போவேன்?"

சொல்லிவிட்டுக் கோபமாக நின்றேன். அவர் உள்ளே மடிந்திருந்த துணியை விரலால் அளந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "தப்பு தப்புதான். பிரிச்சு சரி பண்ணு," என்றார். புதுக்காலை எடுத்து வரச் சொன்னார். கால்சட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

நான் பிரிக்கவில்லை.

கிளம்புகிற அவசரத்தில்தான் மேற்சட்டையை எடுத்துக் கொடுத்தேன். காரை நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் இல்லாத வலது காலால் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தார். காஹாங்கில் நிறுத்தினேன். இறங்க மாட்டேன் என்றதால் சீனியும் பாலும் போடாத தே ஓ தேநீரைப் பொட்டலமாகக் கட்டி வாங்கி வந்து கொடுத்தேன். மெர்சிங் தாண்டிக் கடல் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கயிறு தெரிந்ததும் சுருங்கிவிட்டார்.

"திருப்பு. போலாம்."

"கால்சட்டை மறைக்குதே. யாருக்குத் தெரியும்?"

"வெளிய தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்றார். பல் டாக்டரிடம் கேட்ட அதே கேள்வி.

அதற்குள் நண்பரின் மனைவி எங்களைப் பார்த்துவிட்டார். கையால் தைத்த பாஜு சட்டை, சாரோங், தலையில் துணி, கையில் கஞ்சி அகப்பை. கார் அருகே வந்து இவர் முகத்தைப் பார்த்தார், சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். கேட்காமலே புரிந்துகொண்டார். தலைத்துணிக்கு மேலாகக் காது இருக்கும் இடத்தை விரலால் தட்டிக் காட்டி, மலாயில் சொன்னார். "நாலு வருஷமா இத வச்சுக்கிட்டு உள்ள இருக்கேன். உங்க கால் உள்ள வரக் கூடாதுன்னா என் காதும் வரக் கூடாது. நானும் இங்கயே இருக்கேன் லா." சொல்லிவிட்டு, எங்கள் காருக்குப் பக்கத்தில் கிடந்த மரக்கட்டைமேல் அகப்பையோடு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே சமையல் முழுவதும் அந்த அம்மாள் கையில். இரும்புச் சட்டியிலிருந்து கஞ்சி பொங்கி வழிகிற சத்தம் எனக்கே கேட்டது. "அலமாக்!" என்று பதறிக்கொண்டு யாரோ அங்கே ஓடினார்கள். அவர் அசையவில்லை.

என் கணவருக்குப் பிடிவாதம் அதிகம். ஆனால் ஒருவருக்கு ஒரு சட்டம், இன்னொருவருக்கு ஒரு சட்டம் என்பதை அவரால் தாங்க முடியாது. கதவைத் திறந்தார். ஊன்றுகோலை மணலில் ஊன்றினார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார். புதுக்கால் மணலில் புதைந்தது. கயிறு வரை பத்தடி இருக்கும், அந்தப் பத்தடியும் நான் ஒரு கை தூரத்தில் பின்னாலேயே போனேன்.

அவர் இல்லாததால் அந்த வருடம் சோதனைக்கு நின்றவர் நண்பர்தான். என் கணவர் அவர் முன்னால் நின்று, தானாகவே கால்சட்டையைத் தூக்கி உலோகத்தைக் காட்டினார். எல்லாரும் பார்த்தார்கள். நண்பர் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்தது என்பது போல மேற்சட்டையைப் பிடித்து உள்பக்கம் திருப்பினார். முகம் சுருங்கியது. இவரிடம் பழகிய சோதனையாயிற்றே.

"இது சரியில்லையே. ரெண்டு இன்ச் அதிகம். பிரிக்கணும்," என்றார் மலாயில்.

என் கணவர் குனிந்து பார்த்தார். நான் பிரிக்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். போச்சு, எல்லார் முன்னாலும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நண்பரின் கையிலிருந்து துணியை மெல்ல விடுவித்து, தடவிச் சரி செய்துகொண்டார்.

"அதுவும் உடம்பு கேக்கறதுதான்," என்றார்.

நண்பர் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

இந்த வருட முகாமுக்கு முந்திய வாரம், பக்கம் இழுக்கிறது என்று அந்த மேற்சட்டையை என்னிடம் கொண்டுவந்தார். பக்கத்துக்கு அரை இன்ச் பிரித்து விட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து நூலில் மெழுகு தடவிக் கோத்துக் கொடுத்தார். முடித்துக் கொடுத்ததும் உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ் வரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"கோணலா இருக்கு. பிரி," என்றார்.

பிரித்தேன். கண்ணில் நீர் மறைத்ததில் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன்.