சூரியனைப் பார்க்க எடுத்த நீலக் கண்ணாடி

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, என் அக்கா விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது நான்கு. நால்வரையும் பீங்கான் கம்பெனிக் கூலியில்தான் ஆளாக்கினேன். எழுத்து எனக்குப் பாதிதான் வரும். ஆனால் சூளையில் நெருப்பு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணுக்கு முன்னால் நீலக் கண்ணாடியைப் பிடித்து, கதவில் இருக்கும் துளை வழியே பார்த்து, இன்னும் அரைமணி நேரம் என்பேன். சரியாக அரைமணி நேரம்தான் ஆகும்.

போன மாசியில் என் பேத்தி ஸ்கூலிலிருந்து சின்னத் தொலைநோக்கி ஒன்றை வாங்கி வந்தாள்.

"ஆயா, சூரியன்ல கரும்புள்ளி இருக்குது. இப்ப நெறைய வந்திருக்குதாம்."

"தட்டுல இரும்புத் தூசி பட்டாத்தான் கரும்புள்ளி வுழும். அத கழிச்சிப் போட்டுடுவோம். சூரியன யாரு கழிக்கிறது?"

சிரித்துக்கொண்டே அவள் எதையோ எடுக்க உள்ளே போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியிலிருந்த நீலக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முப்பது வருஷம் சூளையைப் பார்த்த கண்ணாடி. சூரியனும் ஒரு சூளைதானே? இடக்கண் எனக்கு என்றைக்கோ போய்விட்டது. இருப்பது வலக்கண் ஒன்றுதான். அதற்கு நேராகக் கண்ணாடியைத் தூக்கினேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகள் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள். கண்ணாடி தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது.

"என்னாடி பண்ற? என் கண்ணாடி!"

"கண்ணாடி போனா போவுது அத்த. இருக்கிற ஒத்தக் கண்ணும் போச்சின்னா, ரசத்துல கெடக்கிற மொளகாய எடுக்கக்கூட என்னத்தான கூப்புடுவீங்க!"

பேத்தியும் வந்துவிட்டாள். "அது சூளைக்குத்தான் ஆயா. சூரியன் கண்ணுக்கு உள்ளார சுட்டுடும். வலிக்கக்கூட வலிக்காது."

எனக்குத் தெரியாத நெருப்பா என்று ரோஷம். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் பேத்தி தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, பின்னால் விழுந்த வெளிச்சத்தை ஒரு வெள்ளை டைல்ஸில் பிடித்தாள். யாரும் அதில் கண்ணை வைக்கவில்லை. டைல்ஸ் மேல் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சூரியன். அதில் கடுகு சிதறியதுபோல் புள்ளிகள்.

"நெசமா கருப்பு இல்ல ஆயா. சுத்தி இருக்கிறத வுட சூடு கம்மி. அதான் அப்பிடித் தெரியுது."

அது எனக்குப் புரிந்தது. கொதிக்கும் சூளையில் பதம் குறைந்த தட்டு இருண்டுதான் தெரியும். வெளியே எடுத்தால் அதுவே தகதகக்கும்.

"அந்த எடத்துல காந்த சக்தி முறுக்கிக்கிட்டு கெடக்குது. சூட்ட மேல வர வுடாது. முறுக்கு தாங்காம அந்துபோனா, பக்குன்னு பிழம்பு வெடிக்கும். புள்ளி நாள்கணக்கா இருக்கும், வெடிப்பு கொஞ்ச நேரத்துல அடங்கிடும். எல்லாப் புள்ளியும் வெடிக்காது. முறுக்கு அதிகமா இருக்கிறதுதான்."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு. காலைல வெடிச்சாளே."

கொடியடியிலிருந்து மருமகள் குரல் வந்தது: "வெடிச்சதாலதான் ஒக்காந்து புள்ளி எண்றீங்க!"

உண்மைதான். ஏழு எண்ணினேன். அந்த வலக்கண்ணை வைத்துத்தான் நான்கு நாளாக எழுத்துக் கூட்டி இதை எழுதினேன். நீ நல்லா இருக்கணும் என்று மருமகளிடம் நேரில் சொல்ல மாமியார் வாய்க்கு வரவில்லை.

கண்ணு, இதை எடுத்துப் படி. தப்பு இருந்தால் அப்புறம் திருத்தலாம். உங்கம்மா அடுப்படியில் இருக்கிறாள். கொஞ்சம் சத்தமாகவே படி.